நகர ஆற்றில் ஹெலிகாப்டர் விழுந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டனில் ராணுவ பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்று தரையிறங்க வந்த பயணிகள் விமானத்துடன் மோதியது. இரண்டும் போடோமாக் ஆற்றில் விழுந்தன. 67 பேரும் இறந்தனர். அதே ஆண்டு ஏப்ரல் 10 அன்று, நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் சுற்றுலா ஹெலிகாப்டர் விழுந்து, மூன்று குழந்தைகள் உட்பட ஆறு பேர் உயிரிழந்தனர். இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் மக்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். கரைக்கு இவ்வளவு பக்கத்தில் விழுந்தும் ஏன் காப்பாற்ற முடியவில்லை? நாம் அங்கே இருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? அவற்றுக்கான பதில்கள் இங்கே.

விபத்து நடந்ததும் முதலில் போய்ச் சேர்பவர்கள் யார்?

பெரும்பாலும் மீட்புப் படையினர் அல்லர்; ஏற்கெனவே தண்ணீரில் இருப்பவர்கள்தான். பயணிகள் படகு, இழுவைப் படகு, சரக்குப் படகு, ரோந்துப் படகு என எது அருகில் இருக்கிறதோ அது. 2009 ஜனவரி 15 அன்று, எஞ்சின்கள் செயலிழந்த பயணிகள் விமானத்தை விமானி ஹட்சன் ஆற்றில் இறக்கினார். முதல் பயணிகள் படகு சுமார் நான்கு நிமிடங்களில் அதன் அருகே சென்றுவிட்டது. 155 பேரும் பிழைத்ததற்கு விமானியின் திறமை ஒரு பாதி என்றால், அன்றாடம் அதே வழியில் போய்வந்துகொண்டிருந்த படகுக்காரர்களின் வேகம் மறுபாதி. 2011 அக்டோபரில் அதே நகரின் கிழக்கு ஆற்றில் ஹெலிகாப்டர் ஒன்று புறப்பட்ட உடனேயே விழுந்தபோது, அருகில் பணியிலிருந்த காவலர்கள் நீரில் குதித்துச் சிலரை மீட்டனர்.

தீயணைப்புத் துறையின் முக்குளிப்பு வீரர்கள் எவ்வளவு விரைந்தாலும், அழைப்பு வந்து, வாகனம் புறப்பட்டு, கரையை அடைந்து, உடை அணிந்து, படகு ஏறி இறங்குவதற்குள் பல நிமிடங்கள் கழிந்துவிடும். அந்த நிமிடங்களில்தான் பெரும்பாலான உயிர்களின் கதி முடிவாகிறது. இந்தப் பக்கத்தில் வரும் மற்றப் பதில்கள் எல்லாம் இந்த ஒரு உண்மையிலிருந்து கிளைப்பவையே.

ஹெலிகாப்டர் ஏன் தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்கிறது?

அதன் எடை மேலே இருக்கிறது. எஞ்சின், கியர் பெட்டி, சுழல் இறக்கைகள் எல்லாம் பயணிகளின் தலைக்கு மேல். தண்ணீரில் விழுந்த சில நொடிகளிலேயே அந்தக் கனம் கீழே போகப் பார்க்கும். பயணிகள் அறை புரண்டுவிடும்.

அதைத் தடுக்கத்தான் மிதவைகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. ஆனால் அவை முழுமையாகவும் இரு பக்கமும் சமமாகவும் ஊதிக்கொள்ள வேண்டும். 2018 மார்ச் 11 அன்று கிழக்கு ஆற்றில் இறக்கப்பட்ட சுற்றுலா ஹெலிகாப்டரில் மிதவைகள் முழுதாக விரியவில்லை. அது ஒரு பக்கம் சாய்ந்து உடனே கவிழ்ந்தது. விமானி வெளியேறிவிட்டார், பயணிகள் ஐந்து பேரும் மூழ்கி இறந்தனர். மோதலின் வேகம் கடுமையாக இருந்தாலோ, 2025 ஹட்சன் விபத்தில் நடந்ததுபோல் இறக்கைத் தொகுதியும் வால் பகுதியும் வானிலேயே பிரிந்துபோனாலோ, மிதவைகளால் எந்தப் பயனும் இல்லை.

உள்ளே இருப்பவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?

நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. குளத்திலோ வீட்டுத் தொட்டியிலோ ஒரு நிமிடம் மூச்சடக்கக்கூடியவர், குளிர்ந்த நீரில் திடீரென மூழ்கினால் கால் நிமிடம் அடக்குவதே கடினம். தோலில் குளிர் பட்டவுடன் உடல் தானாகவே பெருமூச்சு வாங்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அந்த ஒரு மூச்சே உயிரைப் பறித்துவிடலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதற்கு விலக்கல்ல.

தலை வெளியே இருப்பவர்களுக்குக் குளிர்நீர் மீட்பில் ஒரு கணக்கு சொல்வார்கள்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம். துல்லியமான அளவு அல்ல. ஆனாலும் முன்னுரிமை எதற்கு என்பதைச் சரியாகச் சொல்கிறது. பத்து நிமிடம் கடந்தவர் கண்முன் கிடக்கும் கயிற்றைக்கூடப் பிடிக்க மாட்டார். கயிறு எறிந்தாயிற்று, இனி அவர் பாடு என்று யாரும் இருந்துவிடக் கூடாது. யாராவது கை நீட்டி இழுக்க வேண்டும்.

பயணியாக உள்ளே நான் இருந்தால்?

தப்பிப்பது ஏறும்போதே தொடங்குகிறது. கதவின் கைப்பிடி எப்படித் திறக்கிறது, இடுப்புப் பட்டையின் கொக்கி எந்தத் திசையில் விடுபடுகிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள். காரில் பழகிய கை, பதற்றத்தில் இடுப்பின் பக்கவாட்டில் பொத்தானைத் தேடும். ஹெலிகாப்டரில் கொக்கி பெரும்பாலும் வயிற்றின் நடுவில் இருக்கும்.

விழப் போகிறது என்று தெரிந்தால் பட்டையை இறுக்கிக்கொண்டு, விமானி சொல்லிக்கொடுத்தபடி உடலைக் குறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு கையைக் கதவிலோ சன்னல் விளிம்பிலோ வைத்து, அதை எடுக்கவே எடுக்காதீர்கள். கவிழ்ந்ததும் மேல் எது, கீழ் எது என்று மூளைக்குத் தெரியாது. நீர் கண்ணை மறைக்கும். அந்தக் கை மட்டுமே வழி சொல்லும். சுழற்சி நின்று அறை நீரால் நிரம்பும்வரை பட்டையைக் கழற்ற வேண்டாம். முன்கூட்டியே கழற்றியவரை உள்ளே பாயும் நீர் மறுபக்கத்துக்கு அடித்துச் சென்றுவிடும். கதவைத் திற, பட்டையை விடுவி, பிடித்த கையால் உன்னை வெளியே இழு. இந்த வரிசை மாறக் கூடாது.

லைஃப் ஜாக்கெட்டை வெளியே வந்த பிறகே ஊத வேண்டும். உள்ளேயே ஊதினால் அது உங்களை அறையின் மேற்புறத்தோடு சேர்த்து அழுத்திவிடும். கதவு வழியாகக் கீழே குனிந்து வர முடியாது. கடலுக்கு மேல் பறக்கும் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களுக்கு இதையெல்லாம் நீச்சல் தொட்டியில் கவிழும் மாதிரி அறைக்குள் உட்காரவைத்துப் பழக்குகிறார்கள். நகரச் சுற்றுலாப் பயணிக்குக் கிடைப்பதோ சில நிமிட விளக்கம். அந்தச் சில நிமிடங்களில் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

2018 விபத்தில் விமானி மட்டும் தப்பியது எப்படி?

அது கதவுகள் இல்லாமல் புகைப்படம் எடுப்பதற்காகப் பறந்த ஹெலிகாப்டர். பயணிகள் வெளியே விழாமலிருக்க, தனியாக ஒரு கவசப் பட்டை அணிவித்து, அதை முதுகுப்புறமாகக் கயிற்றால் உள்ளே பிணைத்திருந்தார்கள். அந்தப் பிணைப்பை அணிந்திருப்பவரே எளிதில் விடுவிக்க முடியாது. கயிற்றை அறுக்க ஒரு சிறு கத்தி கொடுத்திருந்தார்கள். ஆனால் தலைகீழாக, இருட்டில், குளிர்நீரில், முதுகுக்குப் பின்னால் இருக்கும் கயிற்றை யாரால் அறுக்க முடியும்? விமானியிடம் சாதாரணப் பட்டை மட்டுமே இருந்தது. எரிபொருளை நிறுத்தும் நெம்புகோலில் ஒரு பயணியின் பிணைப்புக் கயிறு மாட்டிக்கொண்டதால்தான் எஞ்சினே நின்றது என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் கண்டறிந்தது. விபத்து நடந்த அதே மாதத்தில், விரைவாகக் கழற்ற முடியாத பட்டைகளுடன் இத்தகைய பறப்புகளை நடத்த அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் தடை விதித்தது. ஐந்து பேர் இறந்த பிறகு.

கரையில் நின்று பார்த்தவர் என்ன செய்ய வேண்டும்?

அவசர எண்ணை அழையுங்கள். மற்றவர்கள் அழைத்திருப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். "ஆற்றில் விழுந்தது" என்பது போதாது. எந்தப் பாலத்துக்கு மேல்புறமா கீழ்புறமா, எந்தக் கரைக்குப் பக்கம், மிதக்கிறதா மூழ்கிவிட்டதா, வெளியே எத்தனை தலை தெரிகிறது, நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று சொல்லுங்கள்.

பிறகு நின்ற இடத்தைவிட்டு நகராதீர்கள். இதைப் பலர் அறிந்திருப்பதில்லை. மூழ்கிய பிறகு ஆற்றின் மேற்பரப்பில் எந்த அடையாளமும் இருக்காது. நீங்கள் நின்ற இடத்திலிருந்து அது விழுந்த திசையில் எதிர்க்கரையில் என்ன தெரிந்தது? ஒரு புகைபோக்கியா, விளம்பரப் பலகையா? அதை மனத்தில் பதித்துக்கொண்டு மீட்புக் குழுவினரிடம் கை நீட்டிக் காட்டுங்கள். வேறோர் இடத்தில் நின்ற இன்னொருவரும் அப்படிக் காட்டினால், இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் தேடலைத் தொடங்கிவிடலாம். வீடியோ எடுத்திருந்தால் அழிக்காமல் காவல் துறையிடம் கொடுங்கள். இறந்தவரின் முகத்தை அவர் வீட்டார் முதலில் சமூக ஊடகத்தில் பார்க்கும் கொடுமைக்கு நீங்கள் காரணமாகிவிட வேண்டாம்.

யாராவது நீந்திக்கொண்டிருந்தால் மிதக்கும் பொருள் எதையாவது எறியுங்கள்: கரையோரக் கம்பத்தில் தொங்கும் மிதவை வளையம், மூடிய காலி கேன், பந்து. கழி, கயிறு, துணி எதையும் நீட்டலாம். படுத்துக்கொண்டு நீட்டுங்கள்; நின்றால் உங்களையும் இழுத்துவிடும்.

குதித்துக் காப்பாற்றலாமா?

பயிற்சியும் மிதவையும் இல்லாமல் வேண்டாம். 1982 ஜனவரி 13 அன்று போடோமாக்கில் பயணிகள் விமானம் ஒன்று பாலத்தில் மோதி உறைந்த ஆற்றில் விழுந்தபோது, மீட்பு ஹெலிகாப்டரின் கயிற்றைப் பிடிக்கமுடியாமல் தத்தளித்த ஒரு பெண்ணைக் கரையிலிருந்து குதித்து இழுத்துவந்தார் லென்னி ஸ்கட்னிக் என்ற அரசு ஊழியர். அவரைப் போற்றாமல் இருக்க முடியாது. ஆயினும் அவரைப்போல் குதித்துத் திரும்பாதவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். மீட்க வேண்டியவர்களின் எண்ணிக்கை அப்போது கூடுகிறது.

அதே விபத்தில் ஆர்லண்ட் வில்லியம்ஸ் என்ற பயணி, தன்னிடம் வந்த கயிற்றைத் திரும்பத் திரும்ப மற்றவர்களுக்குக் கொடுத்தார். ஹெலிகாப்டர் அவருக்காகத் திரும்பி வந்தபோது அவர் இல்லை. அந்தப் பாலம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

படகில் இருப்பவர் எப்படி நெருங்க வேண்டும்?

வானொலியில் தகவல் சொல்லிவிட்டு, நீரோட்டத்துக்கு எதிராக, கீழ்ப்புறத்திலிருந்து மெதுவாக வாருங்கள். மேல்புறத்திலிருந்து வந்தால் நீரே உங்களைச் சிதைவுகளின் மேல் தள்ளும். நீரில் இருப்பவரை எட்டும்போது படகை உந்தும் விசிறி சுழலக் கூடாது. புகைப்பது, தீப்பொறி எழும் எந்த வேலை செய்வதும் கூடாது. சிறிய பிஸ்டன் ஹெலிகாப்டர்கள் எளிதில் தீப்பற்றும் பெட்ரோல் வகை எரிபொருளில் ஓடுகின்றன. டர்பைன் வகையின் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருள் அவ்வளவு எளிதில் பற்றாது, ஆனால் கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும். ஊதாமல் கிடக்கும் மிதவைப் பைகள் திடீரென விரியக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நெடுநேரம் குளிர்நீரில் கிடந்தவரை முடிந்தவரை கிடைமட்டமாகத் தூக்குங்கள். நீரின் அழுத்தம் திடீரென விலகும்போது இரத்த அழுத்தம் சரிந்து, படகில் ஏறிய கணமே சுருண்டு விழுந்தவர்கள் உண்டு.

ஆறு சிறியதுதானே, மூழ்கிய ஹெலிகாப்டரைக் கண்டுபிடிக்க ஏன் தாமதமாகிறது?

அவசரகால ஒலிபரப்பி 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். ஆனால் அந்த அலை நீரைத் துளைத்து வெளியே வராது. விழுந்த அதிர்ச்சியில் ஆன்டெனா முறிந்திருக்கவும் வாய்ப்புண்டு. பெரிய விமானங்களின் பதிவுக் கருவிகளோடு (கறுப்புப் பெட்டி) வரும் நீரடி ஒலிக் கருவி பல சிறிய ஹெலிகாப்டர்களில் கிடையாது. இதற்கிடையே நீரோட்டம் ஹெலிகாப்டரை இழுத்துச் செல்கிறது. ஹட்சன், கிழக்கு ஆறு போன்றவை கடல் ஏற்றவற்றத்துக்கு உட்பட்டவை. சில மணி நேரத்தில் திசையே மாறிவிடும்.

ஒலி அலைகளை அனுப்பித் தேடும் சோனார் கருவி அடித்தளத்தின் நிழற்படத்தைத் தரும். நகர ஆற்றின் அடியிலோ பழைய தூண்கள், கம்பிவடங்கள், யாரோ தள்ளிவிட்ட வாகனங்கள் என்று எல்லாமே கிடக்கும். எது ஹெலிகாப்டர் என்று பிரித்தறிவது பயிற்சி பெற்ற கண்ணுக்கும் சிரமம்.

முக்குளிப்பு வீரர்கள் கீழே என்ன பார்க்கிறார்கள்?

பல நேரங்களில் எதையுமே பார்ப்பதில்லை. சேறு கலங்கிய ஆற்றில் முகக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்த கையே தெரியாது. விளக்கைப் போட்டால் வெளிச்சம் சேற்றில் பட்டுத் திரும்பிவந்து கண்ணைக் கூசச் செய்யும். வீரரின் உடலில் கட்டிய கயிற்றின் மறுமுனை படகில் ஒரு துணையாளின் கையில் இருக்கும். இத்தனை இழுப்பு என்றால் "நலம்", இத்தனை என்றால் "கண்டேன்", இன்னும் இத்தனை என்றால் "இழு" என்று குழுவுக்குள் முன்பே பேசிவைத்த மொழியில் உரையாடுவார்கள். இரண்டாவது வீரர் முழு உடையில், முகக் கவசம் மட்டும் மாட்டாமல், படகு விளிம்பில் உட்கார்ந்திருப்பார். முதல் வீரர் சிக்கிக்கொண்டால் இவர் இறங்க வேண்டும்.

கீழே இருப்பவரின் கையுறை முதலில் தொடுவது பெரும்பாலும் அடியில் இருக்கும் தரையிறங்கு குழாய்களை. கவிழ்ந்துவிட்டதால் அவை இப்போது மேலே. குழாயைப் பிடித்தபடி கீழே இறங்கினால் கதவு. கதவின் வழியே கையை விட்டால் இருக்கை, அதில் பட்டை, பட்டையில் ஒரு மனிதர். பட்டையின் கொக்கி எங்கே இருக்கும் என்பதைத் தலைகீழாகக் கணக்கிட வேண்டும். அறுந்த உலோக விளிம்பு உடையைக் கிழிக்கும், வயர்கள் காலைச் சுற்றும், நீரோட்டம் இழுத்துக்கொண்டே இருக்கும். 2018-இல் இறங்கியவர்கள் ஒவ்வொருவருடைய கவசப் பட்டையையும் இந்த நிலையில்தான் அறுத்தெடுத்தார்கள். "இவ்வளவு நேரமா?" என்று கரையில் நின்று முணுமுணுப்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எப்போது மீட்பு முயற்சியை, உடல்களைத் தேடும் பணியாக மாற்றுகிறார்கள்?

மீட்பு மருத்துவத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல் இது: நீரின் வெப்பநிலை 6 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால், மூழ்கி 30 நிமிடங்களுக்குப் பிறகு பிழைப்பது மிக அரிது. அதற்குக் கீழான உறைநீரில் 90 நிமிடங்கள்வரை நம்பிக்கை வைக்கலாம். குளிர் மூளையைச் சில நேரங்களில் காக்கிறது. அறைக்குள் காற்று தேங்கியிருக்கும் வாய்ப்பு இருந்தால் கணக்கு மாறும். பணியின் பெயர் மாறியதும் வேகம் குறைவதற்குக் காரணம் அலட்சியம் அல்ல. உயிரோடு இருப்பவருக்காக ஏற்கக்கூடிய ஆபத்து வேறு. இறந்தவருக்காக ஒரு வீரரைப் பலிகொடுப்பது வேறு. 2025 போடோமாக் விபத்தில் சுமார் 300 பேர் அந்தக் குளிர் இரவில் மீட்புப் பணியில் இறங்கினார்கள். மறுநாள் காலையில்தான் யாரும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று அறிவித்தார்கள்.

வெளியே எடுத்தவருக்கு உடனடி முதலுதவி என்ன?

மூச்சு இல்லையென்றால் முதலில் மூச்சு ஊத வேண்டும். திடீரென இதயம் நின்று விழுந்தவருக்கு நெஞ்சை மட்டும் அழுத்தினால் ஓரளவு போதும். மூழ்கியவரின் சிக்கல் ஆக்சிஜன் இல்லாமைதான். ஐரோப்பிய வழிகாட்டுதல் தொடக்கத்தில் ஐந்து முறை ஊதச் சொல்கிறது. அதன் பிறகே நெஞ்சழுத்தம். வயிற்றை அழுத்தித் தண்ணீரை வெளியேற்ற முயல வேண்டாம். எரிபொருளை விழுங்கியவரை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. ஈரத் துணியை நீக்கிப் போர்த்துங்கள். எழுந்து நடந்து "எனக்கு ஒன்றுமில்லை" என்பவரையும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்: செங்குத்தாக விழுந்த அதிர்ச்சியில் முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம், நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம்.

இத்தனை துறைகளுக்கு நடுவே யார் பேச்சைக் கேட்பது?

நல்ல கேள்வி, பல மீட்புப் பணிகள் தடுமாறுவதே இங்கேதான். ஆறு பெரும்பாலும் எல்லைக் கோடு. ஹட்சனின் ஒரு கரை நியூயார்க், மறுகரை நியூ ஜெர்சி. தீயணைப்பு, காவல், கடலோரக் காவல், துறைமுகம், விமான நிலையம், ஆம்புலன்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். ஒருங்கிணைந்த தலைமை ஒன்று, பொதுவான ஒரு வானொலி அலைவரிசை, பிழைத்தவர்களை இறக்க முன்பே குறித்த படித்துறை ஆகிய மூன்றும் இல்லாவிட்டால், ஆம்புலன்ஸ் ஒரு கரையிலும் நோயாளி மறுகரையிலும் இருப்பார்கள். 2009-இல் ஹட்சனில் பிழைத்தவர்களைப் படகுகள் இரு கரைகளிலும் இறக்கின. அதனால் 155 பேரும் வந்துவிட்டார்களா என்று எண்ணி முடிக்கவே மணிக்கணக்கானது. மகிழ்ச்சியான முடிவிலும் இந்தப் பாடம் இருந்தது.

சிதைவுகளை உடனே தூக்காதது ஏன்?

உயிர்காக்கத் தேவையானதைத் தவிர எதையும் நகர்த்தக் கூடாது என்பது விபத்து விசாரணையின் அடிப்படை விதி. நெம்புகோல் எந்த நிலையில் இருக்கிறது, இறக்கை எங்கே முறிந்தது என்பதெல்லாம் சாட்சியம். 2025 ஹட்சன் விபத்து ஹெலிகாப்டரில் பதிவுக் கருவி எதுவுமே இல்லை. சில நாள்கள் கழித்து முக்குளிப்பு வீரர்கள் ஆற்றின் அடியிலிருந்து எடுத்த இறக்கைத் தொகுதிதான் முக்கியத் தடயம். கிரேனால் தூக்கும்போதும் உள்ளே இருக்கும் நீர் வடிய இடைவெளிவிட்டு மெதுவாகத்தான் தூக்குவார்கள். நீரின் எடையோடு சேர்த்து இழுத்தால் கூடு உடைந்து சாட்சியம் சிதறிவிடும்.

குடிநீருக்கு ஆபத்தா?

சிறிய ஹெலிகாப்டரின் எரிபொருள் சில நூறு லிட்டர்தான். மிதவைத் தடுப்புகளால் சுற்றி வளைத்து உறிஞ்சியெடுக்கலாம். கீழ்ப்புறத்தில் குடிநீர் எடுக்கும் நிலையம் இருந்தால் உடனே தெரிவித்து, தேவைப்பட்டால் நீரெடுப்பைச் சற்று நேரம் நிறுத்த வேண்டும்.

ட்ரோன் பறக்கவிட்டுத் தேட உதவலாமா?

வேண்டாம். மீட்பு ஹெலிகாப்டர் தாழப் பறக்கும் இடத்தில் ஒரு ட்ரோன் தெரிந்தாலே அது விலகிப் போக வேண்டியிருக்கும்.

நகர நிர்வாகம் முன்கூட்டியே செய்ய வேண்டியது என்ன?

விலையுயர்ந்த கருவிகள் வாங்குவதற்கு முன், தினமும் ஆற்றில் இருப்பவர்களை அழைத்துப் பேச வேண்டும். ஹட்சன் பயணிகள் படகு ஊழியர்கள் ஆளை நீரிலிருந்து தூக்கும் பயிற்சியை வழக்கமாகச் செய்துவந்தவர்கள். அதனால்தான் 2009-இல் யாரும் உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு பயணிகள் படகிலும் நீர்மட்டம்வரை இறங்கும் ஏணியோ வலையோ வேண்டும். உயரமான தளத்தில் நின்றுகொண்டு கைநீட்டினால் குளிரில் விறைத்தவரை எட்டவே முடியாது. ஆற்றங்கரைப் பாலத் தூண்களிலும் படித்துறைகளிலும் தூரத்திலிருந்து தெரியும்படி எண்கள் எழுதப்பட வேண்டும். வெளியூர்க்காரரும் "14-ஆம் தூணுக்குக் கீழே" என்று சொல்லிவிடலாம். மிதவை வளையங்கள் திருட்டுப் போகின்றன என்று அகற்றாமல் மீண்டும் மாட்டுங்கள். ஹெலிகாப்டர் தளம் நடத்துபவர்கள், பறப்பு நேரத்தில் தயார்நிலையில் ஒரு மீட்புப் படகாவது வைத்திருக்க வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, அதுவும் இரவில், நீர் வேகமாக ஓடும் நேரத்தில், இரு கரைத் துறைகளும் படகுக்காரர்களும் சேர்ந்து ஒத்திகை பார்க்க வேண்டும். அமைதியான நண்பகலில், புகைப்படக்காரர்கள் சூழ நடக்கும் ஒத்திகையில் எந்தக் குறையும் வெளிப்படாது.